பதினொரு மணிக்குப் பூட்டியிருக்கும் வீடு

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு அட்டை. எல்லாம் செத்துப்போனவர்களின் வீட்டுச் சாவிகள். வாரிசு இல்லாமல் கண்ணை மூடியவர்கள், வாரிசு யாரென்று கோர்ட்டில் இழுபறியில் இருக்கிறவர்கள், "என் சொத்தை இன்னாருக்காகச் சர்க்காரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று உயில் எழுதிவிட்டுப் போனவர்கள். இவர்களுடைய வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் காவல் நாங்கள்தான். ஒவ்வோர் அட்டையிலும் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதியிருக்கும். என் சர்வீஸில் அந்த வார்த்தையை எழுதி எழுதி, ஒருமுறை எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பெயருக்கு முன்னாலும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வாங்கிய பேச்சை இன்றுவரை மறக்கவில்லை.

எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஜாதி நான். அலுவலகத்தில் என்னைக் கண்டால் மேலதிகாரிகளே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். ஆனால் எவ்வளவு வாய் இருந்து என்ன? எங்கள் ஆபீஸில் எங்களுக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட அதிகாரம் கிடையாது. எல்லாம் தலைமையகம். எங்கள் காவலில் இருந்த ஒரு வீட்டில் புளியமரம் சாய்ந்து, கிணற்றை மூடிக்கொண்டு விழுந்தது. வெட்டி எடுக்க அனுமதி கேட்டு எழுதினோம். என்ன மரம் என்று கேட்டு வந்தது. புளி என்று எழுதினோம். மரம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு வந்தது. விழுந்து கிடக்கிறது ஐயா என்று எழுதினோம். போட்டோ அனுப்பச் சொல்லி வந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தவர்கள் விறகு பிளந்து, சோறு பொங்கி, சாம்பலைத் தென்னைக்குப் போட்டுவிட்டார்கள். வெட்டலாம் என்ற உத்தரவு வந்தபோது வெட்டுவதற்கு மரம் இல்லை. அது ஏன் இல்லை என்று நான் ஒரு விளக்கம் எழுதினேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் முடிவு கட்டத்தான் சீர்திருத்தம் என்று ஒன்று வந்தது. பழுது பார்ப்பது, வாடகைக்கு விடுவது, விசாரணை நடத்துவது, ஒரு வீட்டில் ஆளைக் குடிவைப்பது, வெளியேற்றுவது எல்லாவற்றையும் இனி அந்தந்த இடத்து அதிகாரியே தீர்மானிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. தேயிலை மலைப்பகுதிக்கென்று சின்னக்கானலில் ஒரு கிளையும் திறந்தார்கள். நல்ல விஷயம்தானே என்று நானும் கை தட்டினேன். அந்தக் கிளைக்குத் தலைமைக் குமாஸ்தாவாக என்னையே தூக்கிப் போடுவார்கள் என்று யார் கண்டது?

"நீ வாயாடுனதுக்குக் கூலி புள்ள. போயிக் குளுருல நடுங்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, சிரிக்காதீங்க. தினமும் ராத்திரி சோத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சுப் பாருங்க," என்றேன். சிரிப்பு நின்றது.

சின்னக்கானலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மளிகைக்கடைக்கு மேல் இரண்டு அறைகள். மலைச் சொத்துகளின் சாவிகளுக்கென்று அங்கேயும் சுவரில் ஒரு பலகை. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து ஃபைல்மேல் உட்காரும். காலில் அட்டைப்பூச்சி ஏறும். பகலிலேயே பல் கிட்டும். நான் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, பாலக்காட்டு வெயிலை நினைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மேலதிகாரியாக வந்தவர் ஒரு பெண். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். பள்ளிவாசல் எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி நேராக அதிகாரியாகவே வந்துவிட்டார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். லயத்துப் பிள்ளைக்கு ஸ்வெட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் வாரம் முழுக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. பத்து மணிக்குத் திறப்போம், ஐந்து மணிக்குப் பூட்டுவோம். எனக்கு அது பரம சுகம். மேடத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் போய் நிற்பார், திரும்ப வருவார். ஒருநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே என்னை வரச்சொல்லி, ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அக்கா, இங்கன வந்து கீழ பாருங்க."

தெருவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கையில் சோற்றுத்தூக்கு. போகிற போக்கில் பலர் எங்கள் பூட்டிய கதவை அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பேர் நின்று படிக்கட்டில் ஏறப்பார்த்து, பூட்டைக் கண்டு இறங்கிப் போனார்கள்.

"சாயந்தரமும் இப்படித்தான். நாம பூட்டிட்டு எறங்குறோம், அவுக வேல முடிஞ்சு வாராக. நாம தொறந்து வச்சுருக்கும்போது இந்த மலையில வீட்ல இருக்கது பூனையும் கோழியும் மட்டுந்தான்க்கா. எங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு சர்க்கார் ஆபீஸ் தொறந்திருந்து பார்த்ததில்ல."

இதைச் சொல்லிவிட்டு மேடம் சுற்றறிக்கையை எடுத்து விரித்தார். கிளையின் வேலை நேரத்தை உள்ளூர்த் தேவைக்கேற்பக் கிளை அதிகாரியே வகுத்துக்கொள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நானும் படித்திருந்தேன். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன். எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் போயிருந்தார்கள்.

மேடம் நேரத்தை மாற்றினார். விடிந்ததும் பெரட்டுக்களம். காலையில் தொழிலாளர்களின் பேரைக் கூப்பிட்டு வேலை பிரித்து அனுப்பும் திடல் அது. அங்கேயே ஓர் ஓரத்தில் மேசை போட்டு மனு வாங்குவது. அதன்பின் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு, எங்கள் காவலில் இருக்கும் சொத்துகளை நேரில் போய்ப் பார்ப்பது. சாயந்தரம், கொழுந்து நிறுத்து முடித்து எல்லோரும் இறங்கி வரும் வேளையில் ஆபீஸைத் திறந்து, கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருப்பது.

நான் குதித்தேன். "என்னங்க மேடம் இது? கோழி கூப்புடறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயி அந்தக் குளுருல மேச போட்டு உக்காரறதுக்கு நானென்ன பால்காரியா? யூனியன்ல சொல்லிப்போடுவனுங்க!"

"சொல்லுங்கக்கா. ஆனா நாளைக்கு மட்டும் வாங்க. கட்டஞ்சாயா என் செலவு."

மறுநாள் போனேன். வேறு வழி? பனியில் மேசையே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் எங்கள் மேசையைச் சுற்றி ஒரு கூட்டம் கட்டிக்கொண்டது. என் மகன் செத்து அவன் சாமான் எல்லாம் உங்க ஆபீஸ் பூட்டிட்டுப் போச்சும்மா, அந்தப் பெட்டியில என் மருமக தாலி இருக்கு என்று ஒருத்தி. எங்க சித்தப்பா எழுதிவச்ச இடத்துல மண்ணு சரியுது, யார்கிட்டச் சொல்ல என்று ஒருத்தர். ஒவ்வொருவரும் பேசிவிட்டு ஓட்டமாக மலை ஏறிப்போனார்கள். அவ்வளவு வருஷ சர்வீஸில், ஒரு மனு எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். மனு கொடுக்கிற முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் இத்தனை கிட்டத்தில் பார்த்தேன். யூனியனுக்குப் போன் போடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வீட்டின் ஃபைல் வந்தது. போடிமெட்டுக்குப் போகிற சாலையோரம், சரிவில் ஒரு சின்ன வீடு. அதைக் கட்டியவர் ஒரு கத்தோலிக்கப் பெண். கல்யாணம் காட்சி இல்லை. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து, ஓய்வில் வந்ததை வைத்து அந்த இடத்தை வாங்கி வீடு எழுப்பினார். அவரோடு ஒரே நிரையில், ஒரே தேயிலை வரிசையில், வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த ஒரு கூட்டாளி இருந்தார். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர், இந்து. ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக இடமில்லாமல் நின்ற அவரை, வீட்டைக் கட்டிய மூத்தவர் தன்னோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடும் முன் உயில் எழுதி எங்கள் துறையை அறங்காவலராகப் போட்டார். கூட்டாளி குடியிருக்கும் காலம் வரை வீடு அவருக்கு. அவர் குடியிருக்கவில்லை என்றால் வீட்டை விற்று, லயத்துப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

உயிலில் ஒரு குறையும் இல்லை. கிளை திறப்பதற்கு முன்னால் கீழே இருந்து எங்கள் ஆட்கள் மூன்று தடவை அந்த வீட்டைப் பார்த்துவரப் போயிருந்தார்கள். மூன்று தடவையும் ஒரே அறிக்கைதான்: வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் குடியிருப்பு இல்லை. தலைமையகமும் அதை நம்பி, வீட்டை விற்க உத்தரவு போட்டுவிட்டது. கதவில் நோட்டீஸ் ஒட்டி, சாவியை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டியது மட்டும்தான் எங்கள் பாக்கி.

மேடம் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார். "மூணு தடவையும் பதினொரு மணிக்கா போயிருக்காக?"

"ஆமாங்க. கீழருந்து வர்ற முத பஸ்ஸு அந்நேரத்துக்குத்தான் வந்து சேரும். ரெண்டு மணிக்குத் திரும்பற பஸ்ஸு. வேற எப்படிப் போவாங்க?"

மேடம் ஃபைலை மூடினார். "நாம சாயந்தரம் போவோம்க்கா."

நாங்கள் போனபோது வீட்டுக்கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஏலக்காட்டு ஜீப் அப்போதுதான் ஆளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார், சும்மா இருந்தால் சோறு யார் போடுவார்கள்? வாசல் கல்லில் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடங்களில் உப்பு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கையில் இருந்த துறைப் பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார்.

"சாவிய வாங்க வந்திருக்கீகளோ?"

"இல்ல பெரியம்மா. உக்காருங்க."

"எங்கக்கா எழுதி வச்சிட்டுத்தானம்மா போனா! நான் எங்கயும் போகலையே, இங்கனதான கெடக்கேன். கதவிடுக்குல காயிதம் சொருகிட்டுப் போயிருந்தாக, மலையாளம் எனக்கு எழுத்துக் கூட்ட வராது, கரண்டு ஆபீஸ்னு நெனச்சுட்டேன். நேத்து கடைக்காரர்ட்ட காட்டுனா, வீட்ட விக்கப் போறாங்கன்னு சொல்லுதார். நெஞ்சே நின்னுபோச்சு. இந்த வயசுல நான் எங்க போக? தேனியில எந்தம்பி மகன் இருக்கான், அவன் வாசல்ல போய் நின்னா நாய்க்குப் போட்டது போகத்தான் எனக்கு."

"எங்காளுக மூணு தடவ வந்தாகளாம் பெரியம்மா. வீடு பூட்டிக் கெடந்துச்சாம்."

"எப்ப வந்தாக?"

"பகல்ல."

"பகல்லயா?" அந்த அம்மா என்னையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பகல்ல எவ வீட்ல இருப்பா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு கட்டில், ஒரு பாய். கட்டிலில் மூத்தவரின் கம்பளி மடித்து வைத்தபடியே இருந்தது. இவர் இன்னமும் கீழே பாயில்தான் படுக்கிறார். சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே குட்டி பல்பு. அக்கா இருந்தபோது இரண்டு பல்பாம். ஒன்று போன பிறகு வேறு மாட்டவில்லை.

விற்பனை உத்தரவை நீக்கும் அதிகாரம் இப்போது மேடத்துக்கு இருந்தது. ஆனால் ஊர் அறிய விசாரித்துவிட்டுத்தான் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். விசாரணையை மேடம் ஜீப் வந்து நிற்கும் முக்கிலேயே வைத்தார். ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து, இவ இங்கதான் இருக்கா என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். ஒருத்தி என்னிடம், "இவ வீட்டுப் பொகயப் பாத்துத்தான் நாங்க அடுப்பே பத்த வைப்போம், அவ்வளவு வெள்ளன எந்திரிப்பா," என்றாள். எல்லாம் எழுதிக்கொண்டேன். உத்தரவைத் தட்டச்சு செய்து மேடத்தின் மேசையில் வைத்தேன். மறுநாள் ஒப்பு போடுவதாக இருந்தது.

மறுநாள் பள்ளிவாசல் ஊரில் எங்கள் காவலில் இருந்த ஒரு வீட்டின் பின்சுவர் சரிந்துவிட்டது என்று தகவல் வர, பெரட்டுக்களத்திலிருந்து நேராக இருவரும் அங்கே போய்விட்டோம். சேற்றில் நின்று நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தலைமையகத்துப் பெரிய அதிகாரி. சின்னக்கானலில் எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கிறாராம்.

"எந்தா இது? வேலை நாள், பகல் பதினொரு மணி, ஆபீஸ் பூட்டியிருக்கு!"

அளவு டேப்பைச் சேற்றிலேயே போட்டுவிட்டேன். மலையில் உள்ள ஆபீஸ் பகலில் பூட்டிக் கிடக்கிறது என்று யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது நிஜம்தானா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். பூட்டிக் கிடக்கிறது என்று அவர் எழுதிவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள். கீழே இறங்கிய அதிகாரமெல்லாம் திரும்ப மேலே ஏறிவிடும். மேடத்தின் மேசையில் இருக்கிற அந்த உத்தரவு வெறும் காகிதம் ஆகிவிடும். வீடு விலை போய்விடும்.

ஜீப் பிடித்துத் திரும்பினோம். அதிகாரி மெல்லிய அரைக்கைச் சட்டையோடு பனியில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், பாலக்காட்டில் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார். ஆனால் குளிரும் கோபமும் சேர்ந்து உதடு நீலமாகியிருந்தது. கதவில் எங்கள் வேலை நேரம் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்தாராம். "போர்டு எழுதி வச்சா போதுமோ? சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு மரியாதை இல்லையோ?" என்றார்.

 நான் சும்மா இருப்பேனா?

"சார், நானும் தல நரைக்கற வரைக்கும் இந்தத் துறையில இருந்தவளுங்க. பத்து மணிக்குத் தொறந்து அஞ்சு மணிக்குப் பூட்டுற ஆபீஸெல்லாம் பாத்துட்டனுங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, எல்லாரும் நல்ல பேரு வாங்கிட்டுப் போனாங்க. இந்தப் புள்ள விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயி மேச போட்டு உக்காருது. இதுக்குத்தான் கெட்ட பேருங்களா? நாயமா இருந்தா எழுதுங்க, நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க!"

மேலதிகாரியைப் 'புள்ள' என்று சொல்லிவிட்டது பாதி பேச்சில்தான் உறைத்தது. மேடம் என் கையை மெல்லப் பிடித்து அழுத்தினார். பிறகு அதிகாரியிடம், "சார், ஒரே ஒரு விண்ணப்பம். ரெண்டு மணி பஸ்ஸ இன்னைக்கு விட்ருங்க," என்றார்.

எதற்கு என்று கேட்டார். ஒரு வீட்டைக் காட்ட வேண்டும் என்றார் மேடம். என்னுடைய இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றி அதிகாரிக்குக் கொடுத்தேன். ரோஜாப்பூப் போட்ட ஸ்வெட்டர். மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டார்.

போடிமெட்டுச் சாலையில் இறங்கி அந்த வீட்டு வாசலுக்குப் போனோம். கதவில் பூட்டு. அதிகாரி இழுத்துப் பார்த்தார். "ரிப்போர்ட் சரிதானே? ஆளில்லை."

"ஆமா சார், பூட்டியிருக்கு. நாம உக்காருவோம்," என்றார் மேடம்.

வாசல் கல்லில் மூவரும் உட்கார்ந்தோம். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கென்று பார்த்து அந்த அம்மா ஜீப்பை விட்டுவிட்டு எங்காவது உறவு வீட்டுக்குப் போய்விட்டால்? யானை நடமாட்டம் என்று ஜீப்பை வழியிலேயே நிறுத்திவிட்டால்? மேடம் கொண்டுவந்திருந்த ஃபைல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். சரிவில் எத்தனை வீடுகள்! ஒரு வீட்டிலும் ஆளரவம் இல்லை, ஒரு கூரையிலும் புகை இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. கொஞ்ச நேரம் கழித்து அவரே மெதுவாகக் கேட்டார்: "இங்கே யாருமே குடியிருக்கலையோ?"

மேடம் ஃபைலில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வாயாடி நான், குளிரைச் சாக்கிட்டு ஸ்வெட்டர் கழுத்தை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வெயில் சாயும் நேரத்துக்கு ஜீப் சத்தம் கேட்டது. முக்கில் நின்றது. பெண்கள் பொலபொலவென்று இறங்கினார்கள். அந்த அம்மா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தவர், தன் வீட்டு வாசலில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது. அடுத்த நிமிஷம் அந்தப் பயமெல்லாம் கோபமாகிவிட்டது.

"விசாரிச்சு எழுதிட்டுப் போனதெல்லாம் பொய்தானா? இன்னைக்கே பூட்டு ஒடைக்க வந்துட்டீகளா? நான் செத்தா போயிட்டேன்? உசுரோட இருக்கவ வீட்டு வாசல்ல கருமாதி வீடு மாதிரி உக்காந்திருக்கீக! பகல்ல பூட்டாம தொறந்து போட்டா கொரங்கும் ஆனையும் வந்து அரிசிப் பானைய உருட்டும், பூட்டிட்டுப் போனா சர்க்கார் வருது. நான் பொழப்புக்குப் போகவா, இல்ல உங்களுக்காகக் காவல் இருக்கவா?"

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். ரோஜாப்பூ ஸ்வெட்டரில் ஒரு பெரிய அதிகாரி கைகட்டி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருமோ?" என்றார்.

கேட்டவுடன் அந்த அம்மாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. தண்ணீர் கேட்டவரை நிற்க வைத்துத் திட்டுவது அந்த மலையில் பழக்கமில்லை. கதவைத் திறந்தார், அடுப்பைப் பற்ற வைத்தார், பாலில்லாத கட்டஞ்சாயா போட்டார். அதிகாரியைக் கட்டிலில் உட்காரச் சொல்லவில்லை, அது அக்காவுடையது. பாயை விரித்துப் போட்டார். அதிகாரி பாயில் உட்கார்ந்து, மடித்து வைத்த கம்பளியையும், இரண்டு படங்களையும், ஒற்றைப் பல்பையும் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். சரிவு முழுக்க ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை கிளம்பியிருந்தது.

"மனசிலாயி," என்றார். புரிந்துவிட்டதாம்.

அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் ஆபீஸுக்குத் திரும்பியபோது, மளிகைக்கடைப் படிக்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் இல்லாததால் காத்திருந்தவர்கள். அதிகாரி அவர்களுக்கு நடுவே வழி கேட்டு வழி கேட்டு மேலே ஏறினார். ஒருத்தி அவர் ஸ்வெட்டரைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே வந்ததும் அதிகாரி, "ஒரு தாள் தாருங்க. அந்த விற்பனையை நானே இப்பவே ரத்து செய்றேன். என் ஒப்பு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

நான் தாளை எடுக்க ஓடினேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மேடம் தடுத்தார்.

"வேண்டாம் சார்."

அடப்பாவி மகளே, கைக்கு வந்ததை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று மனசுக்குள் கத்தினேன்.

"நீங்க ஒப்பு போட்டா அது திரும்பவும் மேலருந்து வந்த உத்தரவாயிரும் சார். நாளைக்கு நீங்க மாறிப் போயிருவீக. அடுத்தவர் பதினொரு மணிக்கு வருவார். இந்த வீட்டப் பத்தித் தீர்மானிக்கிற அதிகாரம் இந்த ஆபீஸ்ட்ட இருக்கு. விசாரணை முடிஞ்சிருச்சு, நான் போடுதேன். நீங்க இன்னைக்குக் கண்ணால பார்த்தத மட்டும் எழுதுங்க, அது போதும் எங்களுக்கு."

 அதிகாரி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். தன் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டு, மேடத்தின் மேசைக்கு முன்னால் இடம் விட்டார். மேடம் உட்கார்ந்து, நான் தட்டச்சு செய்து வைத்திருந்த உத்தரவை அந்த அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஆயுள் உள்ள வரைக்கும் என்று ஓர் இடம் வந்தபோது அந்த அம்மா, "இன்னொருக்கா படிம்மா," என்றார். மேடம் இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒப்பு போட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ அதிகாரிகளின் ஒப்புக்குக் கீழே நான் முத்திரை வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கோணாமல் விழ வேண்டுமே என்று இரண்டு கையாலும் அழுத்தி வைத்தேன். மேடம் பாட்டுக்கு, "அடுத்தது யாரு?" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்.

கிளை இன்றும் இருக்கிறது. அதிகாரி என்ன எழுதினார் என்று தெரியாது, ஆனால் மலையில் வேறு இரண்டு இடங்களிலும் சாயந்தர ஆபீஸ் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. என் ஸ்வெட்டரைச் சலவை செய்து தபாலில் அனுப்பியிருந்தார். எனக்குக் கீழே மாறுதல் கேட்கும் காலம் வந்தபோது கேட்கவில்லை. வீட்டுக்காரர் போனில், "என்ன புள்ள, குளுரு ஒத்துக்கிச்சா?" என்றார். "குளுரு ஒத்துக்கலீங்க, ஆளு ஒத்துக்கிச்சு," என்றேன்.

அந்த உத்தரவில் ஒப்பு விழுந்த அன்று சாயந்தரம் எல்லோரும் போன பிறகு அந்த அம்மா மட்டும் போகாமல் நின்றார். எங்கள் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் வீட்டை யாரும் எடுக்கவில்லையே அம்மா என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. இது எங்கக்காவோட சாவி. இனிமே உங்காளுக யாராச்சும் பகல்ல வந்தா வெளிய குளுருல நிக்க வேண்டாம். தொறந்து உள்ள உக்காரச் சொல்லுங்க. தேயில மாடத்துல இருக்கு, சீனி அதுக்குப் பக்கத்துல. போட்டுக் குடிக்கட்டும். நான் எங்க போயிருவேன்? சாயந்தரம் வந்துருவேன்."

அவர் இறங்கிப்போன பிறகு நான் ஒரு அட்டையை எடுத்தேன். கை தன் பழக்கத்துக்கு 'கா' என்று தொடங்கிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு அட்டை எடுத்து அவர் பெயரை எழுதி, அதன் கீழே 'குடியிருக்கிறார்' என்று எழுதினேன். பலகையின் முதல் ஆணியில் இருந்ததைக் கழற்றி வேறிடத்தில் போட்டுவிட்டு, அங்கே இதை மாட்டினேன்.